நாலு கம்பியும் எட்டு மாதமும்

மகள் கல்லூரி விடுதிக்குப் போன மூன்றாவது நாள், அவள் அறையைப் பெருக்கும்போது பீரோவின் மேலிருந்து அந்தச் சின்ன கிடாரை இறக்கினேன். அது கிடார் இல்லை, யுகுலேலே என்று அவள் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறாள். பிளஸ் டூ விடுமுறையில் ஆன்லைனில் வரவழைத்து, இரண்டு வாரம் தட்டிவிட்டு, உறையில் போட்டு மேலே ஏற்றிவிட்டாள். தூசி தட்டும்போது என் கட்டைவிரல் நாலு கம்பிகளின் மேலும் உரசிக்கொண்டு போனது. சுருதி கலைந்திருந்தாலும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் அறையில் நின்றது. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் போனில் மகளிடம், இதைக் கத்துக்கலாம்னு பார்க்கிறேன் என்றேன்.

"அம்மா, நீ ஸ்கூட்டி கத்துக்கினதே பாதியில நிக்குது" என்றாள்.

பொய் இல்லை. ஸ்கூட்டியில் நேராகப் போவேன், திரும்பத் தெரியாது. இந்தி வகுப்பில் எழுத்துக்களோடு நின்றேன். எம்பிராய்டரி போட ஆரம்பித்த தலையணை உறையில் மயிலுக்கு உடம்பு இருக்கிறது, தோகை இல்லை. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வேலையையும் வீட்டையும் தவிர, எனக்காக நான் தொட்ட ஒன்றையும் முடித்ததில்லை.

வேலை செங்கல்பட்டில். ஒரு தனியார் டயாலிசிஸ் யூனிட்டில் டெக்னீஷியன். வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். கணவர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். இருட்டோடு அவர் கடலுக்குக் கிளம்பினால், வெளுக்கும்போது நான் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவேன். ஏழு மணிக்கு யூனிபார்ம், மூன்றரைக்கு மறுபடி பஸ், ஐந்து மணிக்கு வீடு. ஐந்திலிருந்து ஆறு வரைதான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் இறங்கினேன்.

சமையலறையில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். கேஸ் வந்த தேதி, பால் வராத நாள், கடலுக்குப் போகாத நாள் எல்லாம் அதில்தான். ஜூன் மாதத் தாளின் தலையில் பேனாவால் எழுதினேன்: ஒரு முழுப் பாட்டு.

பன்னிரண்டு நாள் தாங்கியது. போனில் சுருதி பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு கம்பிகளை முறுக்கினேன். நாலு கம்பியும் படிக்கட்டு மாதிரி கீழிருந்து மேலே ஏற வேண்டும் என்று நானே முடிவு கட்டி, நாலாவது கம்பியைத் தளர்த்தித் தளர்த்திக் கீழே இறக்கினேன். அது தொளதொளவென்று ஆடியது, எதை வாசித்தாலும் அழுகை மாதிரி கேட்டது. கோளாறு மற்ற கம்பிகளில் என்று நினைத்து முதல் கம்பியை இறுக்கினேன். பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. யுகுலேலே மறுபடி பீரோவின் மேலே போனது.

மூன்று நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் கேட்டார்.

"இன்னாம்மே, சத்தத்தையே காணோம்?"

"கம்பி அறுந்துச்சு."

"எட்து வா பார்க்கலாம்."

அறுந்த துண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். பல்லில் கடித்தும் பார்த்தார். "இது கம்பியே இல்ல, தங்கூசி" என்றார். தங்கூசி என்பது தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. எழுந்து போய்த் தன் டப்பாவிலிருந்து மூன்று கனத்தில் தங்கூசி எடுத்துவந்து, பழைய துண்டோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து ஒன்றை வெட்டினார். தூண்டில் முள்ளுக்குப் போடுகிற முடிச்சை யுகுலேலேயின் அடிக்கட்டையில் போட்டார்.

"இது தாங்குமாய்யா?"

"சுறாவே இழுத்துப் பார்த்துட்டு உட்டுட்டுப் போவுது. நீ இழுத்தா அறுந்துடுமா?"

இரண்டு நாள் அந்த நரம்பு இழுபட்டுக்கொண்டே இருந்தது. நான் முறுக்க முறுக்கத் தளர்ந்தது. மூன்றாம் நாள் நின்றது. இதற்குள் மகளிடம் நாலாவது கம்பியைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, யுகுலேலேயில் நாலாவது கம்பி மூன்றாவதைவிட மேல் சுருதியில் இருக்கும் என்று சொன்னாள். ஆப் அதைத்தான் முதல் நாளிலிருந்து காட்டிக்கொண்டிருந்தது. நான்தான் அது தப்பு என்று நினைத்திருந்தேன். சரியாக முறுக்கிவிட்டு ஒரு தடவை தட்டினேன். அடுக்களையிலிருந்து கணவர், "ஆங், இப்பக் கீது" என்றார்.

ஜூலைத் தாளில் எழுதும்முன் யோசித்தேன். யூனிட்டுக்குப் புதிதாக வருகிற நோயாளியிடம் நாங்கள் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வோம். வருசத்தை நினைக்காதீங்க, அடுத்த தடவை வரும்போது இவ்வளவு எடைக்குமேல் ஏறாம வாங்க, அது போதும். அடுத்தவர்களுக்கு நாள்தோறும் சொல்வதை எனக்கு நான் சொல்லிக்கொண்டதில்லை. எழுதினேன்: தினம் பத்து நிமிஷம். சி, ஏ மைனர். அவ்வளவுதான்.

இரண்டுமே ஒற்றை விரலில் பிடிக்கிற கார்டுகள், அதாவது நாலு கம்பியும் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டுகள். வாசித்த நாளின் கட்டத்தில் ஒரு வட்டம் போட்டேன். மாதக் கடைசியில் முப்பத்தொன்றில் இருபத்தாறு வட்டம் இருந்தது. நான் எழுதி வைத்ததை நானே செய்திருந்தேன். அந்தத் தாளைக் கிழிக்க மனசு வராமல் மடித்துப் பீரோவில் வைத்தேன்.

ஆகஸ்டில் எஃப் கார்டு சேர்ந்தது. சி-யிலிருந்து எஃப், எஃப்பிலிருந்து சி. பார்க்காமல், ஒரு நிமிஷத்துக்குள் முப்பது தடவை மாற வேண்டும் என்பது அந்த மாத இலக்கு. முதல் நாள் ஒன்பதுதான் வந்தது. கம்பியை அழுத்துகிற இடது கை விரல் நுனிகளில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்து, பிறகு தோல் தடித்தது.

அதை முதலில் பார்த்தவர் நைனா.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. அவரை யூனிட் முழுக்க அப்படித்தான் கூப்பிடும். படாளத்துக்காரர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி, அறுபதைத் தாண்டியவர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வந்து நாலு மணி நேரம் படுத்திருப்பார். யூனிட்டிலேயே அதிகம் திட்டு வாங்குகிற ஆளும் அவர்தான். இரண்டு தடவைக்கு நடுவே உடம்பில் இரண்டரை கிலோவுக்கு மேல் தண்ணீர் சேரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்க, அவர் நாலு கிலோவோடு வருவார். கேட்டால், "வெய்யில்ல நிக்கிறவன் மோர் குடிக்காம இன்னா செய்வான்" என்பார். அவ்வளவு தண்ணீரையும் மிஷின் இழுக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கத்துவார்.

டயாலிசிஸ் நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்ப்பதைவிடக் கையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஊசி அங்கிருந்துதானே வருகிறது.

"இன்னாமா, விரலெல்லாம் காப்புக் காச்சிக் கீது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப எனக்கு ஊசி எப்டிக் குத்துவ? தொட்டா உனக்குத் தெரியுமா?"

கேள்வி என்னைச் சுட்டது. அவருடைய கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன் அதைத் தொட்டு, உள்ளே ஓடும் ரத்தத்தின் அதிர்வை விரலில் உணர்ந்துதான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். நான் இடது கையால் தொட்டுப் பழகியவள். அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். அதிர்வு தெரிந்தது, ஆனால் துணிக்கு மேலே தொட்ட மாதிரி மங்கலாக. வலது கையால் மறுபடி தொட்டேன். தெளிவாக இருந்தது.

அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை இதே யோசனை. பதினெட்டு வருட வேலை அது. இரண்டு மாத விளையாட்டுக்காக அதைக் கெடுத்துக்கொள்வதா? விட்டுவிடலாம் என்று கூட நினைத்தேன். விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. அதுதான் என்னை உஷாராக்கியது. மறுநாள் முதல் எல்லா நோயாளிகளையும் வலது கையாலேயே தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். என்னோடு வேலை செய்கிற டெக்னீஷியனும் என் கணிப்பை ஒரு வாரம் சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை. ஆகஸ்ட் தாளில் யுகுலேலே இலக்குக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: வலது கை.

அடுத்த சனிக்கிழமை நைனாவிடம் வலது கையைக் காட்டினேன்.

"இனிமே இந்தக் கைதான் உங்களுக்கு. இது தடிக்காது."

"அப்ப உட மாட்ட?"

"மாட்டேன். மாசத்துக்கு ஒண்ணுன்னு எழுதி வச்சுருக்கேன். இந்த மாசம் ஒரு நிமிஷத்துல முப்பது மாத்தம். நீங்க உங்களுக்கு ஒண்ணு எழுதுங்களேன்."

"நான் இன்னாத்த எழுத?"

"இந்த மாசம் மூணரை கிலோவுக்கு மேல ஏறாம வாங்க."

"டாக்டர் ரெண்டரைன்றாரு."

"டாக்டர் சொன்னது கடைசியில. நமக்கு இந்த மாசம் மூணரை."

 "செரி, எழுதிக்க" என்றார். அவருடைய எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். அன்றிலிருந்து எடை மிஷினில் ஏறி இறங்கியதும் முதலில் என் இலக்கைத்தான் கேட்பார். "எவ்ளோ?" என்பார். இருபத்திரண்டு என்பேன். "எனக்கு மூணு நானூறு" என்பார். ஆகஸ்ட் கடைசி வியாழன் நான் முப்பத்தொன்று என்றபோது, மூன்று கிலோ இருநூறு கிராமோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செப்டம்பர் முழுக்க ஜி கார்டு. மூன்று விரலை முக்கோணமாக நெருக்கி வைக்க வேண்டும். என் விரல்களுக்கு அந்த வடிவம் பிடிக்கவே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே மூன்று விரலையும் அந்த முக்கோணத்தில் வைத்து வைத்து எடுப்பேன். இருபத்திரண்டாம் தேதியோ என்னவோ, மொட்டைமாடியில் உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது மூன்று விரலும் தாமாகப் போய் உட்கார்ந்தன. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி உட்கார்ந்தன. கீழே வலை தைத்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டு மேலே வரவழைத்து, பத்து தடவை வைத்துக் காட்டினேன். அவருக்கு என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. இருந்தாலும் பத்து முடியும்வரை நின்றார். அக்டோபரில் கையை மேலும் கீழும் ஓட்டுகிற தாளம் பழகினேன். அது சுலபமாக வந்தது. நைனா மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தார்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. போட்டுகளை மேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் வரை தண்ணீர். யுகுலேலேயை உறையோடு பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் வைத்தோம். யூனிட்டில் பாதிப் பேர் வேலைக்கு வர முடியாததால் நான் செங்கல்பட்டிலேயே இரண்டு நாள் தங்கி இரட்டை ஷிப்ட் பார்த்தேன். காலண்டரில் தொடர்ந்து ஒன்பது கட்டம் காலி.

அதைவிடப் பெரிய கவலை நைனா. ஏரித் தண்ணீர் அவர் ஊருக்குள் வந்து சாலையை மறித்துவிட்டது. சனிக்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. போனில் அவருடைய மகன், டிராக்டர் கிடைத்தால் கூட்டி வருகிறேன் என்றார். புதன் மத்தியானம் டிராக்டரில் மெயின் ரோடு வரை வந்து, அங்கிருந்து காரில் கொண்டுவந்தார்கள். ஆறு கிலோ கூடியிருந்தது. படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். ஆக்சிஜன் வைத்து, டாக்டர் பக்கத்தில் நிற்க, உட்கார்ந்த நிலையிலேயே ஊசி போட்டேன். வலது கையால்தான் தொட்டேன். முதல் குத்திலேயே இறங்கியது. தண்ணீரை அவசரப்படாமல் இழுத்தோம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அவர் தோள் கீழே இறங்கியது. மூன்றாவது மணியில் தலையணையில் சாய்ந்தார். நாலாவது மணியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"உனக்கு எவ்ளோ?"

"ஒண்ணும் இல்ல நைனா. ஒம்போது நாளா தொடல."

"அப்ப இந்த மாசம் ரெண்டு பேரும் பெயிலு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வழக்கமாக நான் விடுகிற இடம் அதுதான். ஸ்கூட்டியை விட்டதும் இந்தியை விட்டதும் இப்படி ஒரு வாரம் விட்டுப்போன பிறகுதான். விட்டுப்போன நாட்களைப் பார்க்க வெட்கப்பட்டு, மொத்தத்தையும் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுவேன்.

அன்று வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பையை இறக்கினேன். காலண்டரில் நவம்பர் இலக்கை, அது என்னவோ பெரிதாக எழுதியிருந்தேன், ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: மிச்ச நாளில் உறையிலிருந்து எடுத்துச் சுருதி சேர்த்தால் போதும். சேர்த்தேன். இரண்டு நிமிஷ வேலை. வட்டம் போட்டேன். மறுநாளும் போட்டேன். நைனாவின் சீட்டிலும் பழையதை அடித்துவிட்டு, ஒரு தடவையும் தவறாமல் வருவது என்று மட்டும் எழுதினேன். எடையைப் பற்றி அந்த மாதம் நாங்கள் பேசவே இல்லை. அவரும் ஒரு நாள் தவறவில்லை.

டிசம்பர் முதல் தேதி அவரிடம் கேட்டேன், ஒரு பாட்டு சொல்லுங்க, நான் முழுசா வாசிக்கணும். அவருக்குக் கல்யாணமான வருடம் வந்த ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து தேடிப் பார்த்தால், சி, ஏ மைனர், எஃப், ஜி. எனக்குத் தெரிந்த நாலே நாலு கார்டில் அந்தப் பாட்டு முடிந்துவிட்டது. ஜூனில் ஒரே மூச்சில் வேண்டும் என்று எழுதியது, ஆறு மாதமாகத் துண்டு துண்டாக என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

டிசம்பர் இலக்கு: நிற்காமல் ஒரு தடவை, ஒருவர் முன்னால். அந்த ஒருவர் கணவர். கடற்கரையில் போட்டின் நிழலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே பாடினேன். வலையை மடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒருவர், "அண்ணாத்த, அண்ணி எப்ப இதெல்லாம் கத்துக்கினாங்க?" என்றார். கணவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாசா மாசம்" என்றார்.

ஜனவரி இலக்கு: யூனிட்டில், எல்லார் முன்னாலும். பொங்கலுக்கு மறுவாரம் அங்கே சின்னதாக ஒரு கொண்டாட்டம் வைத்தார்கள். சர்க்கரைப் பொங்கல் ஆளுக்கு இரண்டு ஸ்பூன், அதுவும் டாக்டர் பார்த்துக் கொடுத்தது. நைனா காலையில் எடை மிஷினில் ஏறியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஒரு கிலோ தொள்ளாயிரம். அந்த மாதத்தில் ஒரு தடவைகூட அவர் இரண்டரையைத் தொடவில்லை. கெண்டைக்கால் பிடிப்பு என்று அவர் கத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. டாக்டர் பிரஷர் மாத்திரையில் ஒன்றை நிறுத்தியிருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் பாஸு. நீ வாசி" என்றார்.

பன்னிரண்டு படுக்கையும் நிறைந்த ஷிப்ட். எல்லாருக்கும் ஊசி போட்டு, பிரஷர் பார்த்து, மிஷின்கள் சீராக ஓட ஆரம்பித்த பிறகு, கூட வேலை செய்கிறவளிடம் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் கார்டைத் தட்டினேன். பல்லவி முடிவதற்குள் நைனா பாட ஆரம்பித்தார். குரல் கட்டையாக, சுருதிக்கு எங்கேயோ கீழே, ஆனால் ஒரு வார்த்தை தப்பாமல். ஜன்னலோரப் படுக்கையில் இருந்த டீச்சரம்மா சேர்ந்துகொண்டார். சரணத்தில் என் விரல் ஜி-க்குப் பதிலாக எஃப்பில் போய் உட்கார்ந்தது. நான் நிறுத்தவில்லை. பாட்டும் நிற்கவில்லை, அவர்கள் அதை இழுத்துக்கொண்டு போனார்கள், அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். கடைசிக் கார்டை நாலு கம்பியிலும் இழுத்து விட்டேன். முழுப் பாட்டு.

யாரும் கை தட்டவில்லை. தட்ட முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கை ஊசியோடு அசையாமல் இருக்க வேண்டும். நைனாதான் முதலில், சும்மா இருந்த வலது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். அடுத்த படுக்கையும் தட்டியது. பன்னிரண்டு கட்டில்களின் இரும்புக் கம்பியும் ஒரே நேரத்தில் டங் டங்கென்று சத்தம் போட, வெளியே காத்திருந்த உறவுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

"ஒன்ஸ் மோர்" என்றார் டீச்சரம்மா.

ஆறாம் படுக்கையின் மிஷின் அலாரம் அடித்தது. யாரோ தாளம் போட்ட வேகத்தில் குழாய் மடிந்திருந்தது. யுகுலேலேயை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் குழாயை நேராக்கி, அலாரத்தை நிறுத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இந்தத் தடவை ஜி சரியாக விழுந்தது.